நல்ல நிலையில் உள்ளது

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஓவர்சியர் அம்மா பத்தரைக்கும் வரவில்லை. உத்திராபதி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நேற்றுச் சாயங்காலம் வரை அது ஒளிவுமறைவில்லாத சுவராக இருந்தது. மழைத்தண்ணீர் இறங்கிய கறை, கரையான் ஏறிய தடம், அடுப்புப் புகை, அவர் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்ததில் எண்ணெய் படிந்த இடம், எல்லாம் அதில் அப்படியே இருந்தன. பார்க்கிற யாருக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். இப்போது பளீரென்று வெள்ளையாக நிற்கிறது, கல்யாணம் வைத்த வீடு மாதிரி. மனைவி பவுனாம்பாளை நினைத்தால் கோபம் வருகிறது. கோபம் முழுசாக வந்து சேருவதற்குள் சிரிப்பும் வந்துவிடுகிறது. வீடு எவ்வளவு மோசம் என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து ஆள் வருகிறது. ஆள் வருகிறது என்று கேட்டதும் இவள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். யாரிடம் போய்ச் சொல்வது இதை? வீடு கட்டும் கடனுக்காக மூன்று வருடம் காத்திருந்து, மனு எழுதி, மனுவுக்கு மேல் மனு எழுதி, ஊராட்சி செயலர் இளங்கீரன் பின்னாலேயே அலைந்து, இன்றைக்குத்தான் மறு ஆய்வு என்று நாள் குறித்திருக்கிறார்கள். அந்த நாளுக்கு முந்தைய நாள் பார்த்து இவள் கையில் சுண்ணாம்பு மட்டையை எடுத்தாள். "என்னாடி பண்ற?" என்று கத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வர்றது ஒரு பொம்பள. வீடு இடிஞ்சி கெடந்தா அது வீட்டுக்குக் கேவலம். அழுக்காக் கெடந்தா எனக்குல்ல கேவலம்?" என்றாள்.

ஆனால் அவளைக் குற்றம் சொல்ல இவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? முதல் தப்பு இவருடையதுதானே. மூன்று வருடம் முன்னால் புரட்டாசி மாதத்தில் ஒரு தம்பி செல்போனும் கையுமாக வந்தான். கணக்கெடுப்பு என்றான். வெயிலில் முகமெல்லாம் சிவந்து, பார்க்கவே பாவமாக இருந்தான். இவர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அவன் கேட்டான்: "வீடு எப்படிங்க இருக்கு?" யார் கேட்டாலும் சொல்வதைத்தானே சொன்னார். "நல்லா இருக்குங்க தம்பி." உடம்பு எப்படி இருக்கு, நல்லா இருக்கு. பொண்ணு எப்படி இருக்கு, நல்லா இருக்கு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் கேட்டாலும் அதுதான். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது டாக்டர் கேட்டதற்கும் நல்லா இருக்குங்க என்றுதான் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, நல்லா இருந்தா இங்க ஏன்யா வந்த என்றார். அந்தத் தம்பி சிரிக்கவில்லை. செல்போனில் எங்கேயோ விரலால் ஒரு தட்டு தட்டினான், ரோட்டில் நின்று ஒரு படம் எடுத்தான், போய்விட்டான். மூன்று மாதம் கழித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். இருநூற்றுப் பதினோராவது பெயர். உத்திராபதி, தகப்பன் பெயர், தெருப் பெயர், எல்லாம் சரி. அதற்கு நேராக: தகுதி இல்லை. காரணம்: வீடு நல்ல நிலையில் உள்ளது. அதைப் படித்தபோது மனதில் முதலில் வந்தது என்ன என்பதை இன்றுவரை பவுனாம்பாளிடம்கூட அவர் சொன்னதில்லை. முதலில் வந்தது ஒரு பெருமை. ஊரே படிக்கிற சுவரில், என் வீடு நல்ல நிலையில் உள்ளது. அரை நிமிடம் இருந்திருக்கும் அது. பிறகுதான் அதற்கு முன்னால் இருந்த தகுதி இல்லை கண்ணில் பட்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொளஞ்சி வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்த நீல நாற்காலி இரண்டும் வேப்பமர நிழலில் கிடந்தன. உட்காரலாம்தான், ஆனால் வருகிறவர்களுக்காக வாங்கியதில் முன்னாலேயே உட்காருவது என்னவோ போலிருந்தது. நாற்காலியைப் பார்த்தால் இன்னொரு பயம். நல்ல நாற்காலியாக இருக்கிறதே, வசதியான வீடு என்று நினைத்துவிட்டால்? உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிடலாமா? அப்புறம் அந்த அம்மா எதில் உட்காரும்? அரசாங்கத்தைத் தரையில் உட்கார வைப்பதா? அரசாங்கம் என்றதும் மனம் வழக்கம்போல அந்த வார்த்தையில் போய் மாட்டிக்கொண்டது. ஜாமீன். கிராமத்தில் நல்ல வீடில்லாதவன் வீடு கட்ட வங்கி கடன் கொடுக்கும், அரசாங்கம் ஜாமீன் நிற்கும். இளங்கீரன் இதைச் சொன்னபோது இவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். எனக்கு அரசாங்கம் ஜாமீனா? ஏழெட்டு வருடம் முன்னால் ஒரு வங்கியில் இதே வீட்டுக்காகக் கேட்டபோது, சம்பளம் வாங்குகிற ஆள் இரண்டு பேரைக் கூட்டி வா என்றார்கள். கூடப் படித்த வாத்தியார் ஒருவரிடம் போய் நின்றார். அவர் பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமைப் பார்த்துக்கொண்டே ஒரு வருடம் போனது. இப்போது யாரையும் பார்க்க வேண்டாமாம், அரசாங்கமே பின்னால் வந்து நிற்குமாம். எப்படி நிற்கும்? தோளில் கை போட்டுக்கொண்டா? நினைக்கும்போதே முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. உடனே சந்தேகம். தகுதி இருந்தால்தானே நிற்கும்.

தகுதி. இருபது வயதில் போலீஸ் தேர்வுக்குப் போனார். ஓட்டத்தில் மூன்றாவது ஆள், கயிறு ஏறுவதில் முதல் ஆள். மார்பை அளந்தவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, அரை அங்குலம் கம்மி, தகுதி இல்லை என்றார். அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் சிமெண்டு ஆலையில் காண்டிராக்ட் ஆளாக மூட்டை ஏற்றினார். போன சித்திரையில் காண்டிராக்டர் கூட்டி வந்த டாக்டர் அதே மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, தூசி சேர்ந்திருக்கு, வேலைக்குத் தகுதி இல்லை என்று எழுதினார். அன்றைக்கு அரை அங்குலம் கம்மி, இன்றைக்கு ஏதோ கூடுதல். இப்போது ஆலைக்கு எதிரே லாரி எடைமேடையில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை. ஆக வாழ்க்கையில் தகுதி இருக்கிறது என்று யாரும் எழுதிக் கொடுத்த ஒரு காகிதம் அவரிடம் இல்லை. இந்த ஒரு இடத்தில்தான் விசித்திரம். இங்கே இருந்தால் தகுதி இல்லை, இல்லாவிட்டால்தான் தகுதி. இல்லை என்பதை நிரூபிக்க வேண்டும். ஆயுள் முழுக்க இல்லாததை இருக்கிற மாதிரி காட்டிக்கொண்டே வந்தவனிடம் போய் இதைக் கேட்கிறார்கள். காலரைத் திருப்பித் தைத்துப் போட்ட சட்டை, சம்பந்தி வீட்டார் வந்தபோது ஒழுகும் மூலையில் சாமி படத்தை மாட்டி மறைத்தது, எல்லாம் இந்தக் கைதானே செய்தது. அது பொய்யா? பொய் என்று தோன்றவில்லை. அப்படியானால் இன்றைக்கு வீட்டை மோசம் என்று காட்டுவது மட்டும் எப்படி உண்மையாகும்? இரண்டுமே உண்மை, இரண்டுமே கொஞ்சம் நடிப்பு. போதும், ரொம்ப யோசிக்கிறோம்.

"என்னா மச்சான், சுண்ணாம்பு அடிச்சி பொங்கல் கொண்டாடுறியா? தை பொறக்க இன்னும் மாசமிருக்கேய்யா!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கொளஞ்சி. பக்கத்து வீடு, ஒரே வயது, ஆலையில் ஒன்றாக மூட்டை தூக்கியவன். அவனுக்குப் போன வருடமே தகுதி கிடைத்து, இப்போது அஸ்திவாரம் முடிந்து சுவர் இடுப்பளவு நிற்கிறது. அந்தத் தெம்பில் பேசுகிறான். "எனக்கு ஆய்வுக்கு வந்தப்ப என்னா பண்ணேன் தெரியுமா? ரெண்டு ஆட்டப் புடிச்சி நடு வீட்ல கட்டிட்டேன். வந்தவரு மூக்கப் பொத்திகிட்டு வெளியிலயே எழுதிட்டுப் போயிட்டாரு." சிரித்துவிட்டு அவன் வேலி ஓரம் வந்தான். குரலைத் தாழ்த்தினான். "வெளையாடல மச்சான். ரோட்டுலேருந்து பாத்தா உன் வீடு மெத்த வீடு கணக்கா தெரியுது. கடப்பாரைய எடுத்து அந்த மேக்கு மூலையில ரெண்டு தட்டு தட்டி உடு. நாலு கல்லு உழுந்தா போதும், பேச்சே கெடையாது." உத்திராபதி மேற்கு மூலைப் பக்கம் பார்த்தார். "பேருலதான் உத்திரம் வெச்சிருக்க. வீட்ல இருக்கிற உத்திரம் முட்டுக் கொம்புல நிக்கிது. யோசன பண்ணிகிட்டே நில்லு," என்று சொல்லிவிட்டுக் கொளஞ்சி போய்விட்டான்.

ரோட்டிலிருந்து பார்த்தால் மெத்தை வீடு என்று அவன் சொன்னது கேலிக்காக இல்லை. கூரை நாட்டு ஓடுதான். ஆனால் முப்பது வருடமாக ஆலைத் தூசி அதன் மேல் விழுந்து, பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து, அடை மாதிரி இறுகிப் போயிருக்கிறது. ஓட்டின் வரிசையே தெரியாது. சாம்பல் நிறத்தில் ஒரே தகடாக, தூரத்திலிருந்து பார்த்தால் காங்கிரீட் போட்டது போலத்தான் இருக்கும். அந்தத் தம்பி எடுத்த படத்தில் அதுதான் விழுந்தது. மாவட்டத்துக்கே சிமெண்டு மூட்டை ஏற்றி அனுப்பியவர், தன் வீட்டுக்கு ஒரு மூட்டை வாங்கியதில்லை, காற்றே கொண்டுவந்து பூசிவிட்டுப் போயிருக்கிறது. கனம்தான் மிச்சம். அந்தக் கனத்தில்தான் உத்திரம் வளைந்து சுவர் விரிகிறது. இதையெல்லாம் அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் ஆரம்பிப்பது? எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் முதல் வார்த்தை நல்லா என்றுதான் வருகிறது. நல்லா இல்லை என்று சொல்ல நாக்கு மடங்கவில்லை. மனுவில் என் வீடு நல்ல நிலையில் இல்லை என்று இளங்கீரன் எழுதிய வரிக்குக் கீழே கையெழுத்துப் போடவே கை தயங்கியது. இந்த வீட்டில்தான் மகள் பூங்கோதை பிறந்தாள். இந்த வீட்டில்தான் அவள் பத்தாவது பாஸ் செய்தாள், மஞ்சள் பூசி உட்கார்ந்தாள், மாலை மாற்றிக்கொண்டு போனாள். அதை வைத்துக்கொண்டு எப்படி?

பூங்கோதை. அவளுக்கு இது ஆறாம் மாதம். அடுத்த மாதம் வளைகாப்பு, வளைகாப்பு முடிந்தால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். போன தடவை சம்பந்தியம்மா வந்திருந்தபோது இலை போட்டார்கள். சோற்றில் மேலேயிருந்து ஏதோ உதிர்ந்தது. மண்ணா, கரையான் அரித்த துகளா தெரியவில்லை. அந்த அம்மா விரலால் அதை இலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். போகும்போதுதான் சொன்னார்: "பிரசவத்துக்குப் பாப்பா எங்க வீட்லயே இருக்கட்டும் அண்ணே. உங்களுக்கு ஏன் சிரமம்?" நல்ல மனுஷி, கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சிரமம் என்ற வார்த்தை மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. பச்சைக் குழந்தையைக் கொண்டுவந்து எந்த மூலையில் படுக்க வைப்பது? அதற்குள் வீடு முடிந்துவிடுமா, முடியாது. அது தெரியும். ஆனால் தகுதி என்று ஒரு காகிதம் கையில் இருந்தால் வளைகாப்புக்குப் போகும்போது தலை நிமிர்ந்து சொல்லலாம். சம்பந்தியம்மா, இந்தத் தடவை உங்க வீட்லயே இருக்கட்டும், ஆனா பேரப்புள்ள எழுந்து நடக்குறது எங்க புது வீட்லதான். இந்த வாக்கியத்தை அவர் மாதக்கணக்கில் மெருகேற்றி வைத்திருக்கிறார். மெருகேற்றும்போதே வேறொரு பயம் குறுக்கே வரும். ஐம்பத்து நாலு வயது. கடன் பதினைந்து வருடம். இந்த நெஞ்சு அதுவரை ஓடுமா? ஓடாவிட்டால்? அப்போதும் அரசாங்கம் பின்னால் நிற்கும் என்றுதானே அர்த்தம். ஓடும். நடக்கிற குழந்தைக்குப் பின்னால் ஓடாமல் என்ன செய்யும்.

எப்போது வீட்டுப் பின்பக்கம் போனார், எப்போது கடப்பாரையை எடுத்தார் என்று அவருக்கே நினைவில்லை. மேற்கு மூலையில் நின்றுகொண்டிருந்தார். கையில் இரும்பு வெயிலுக்குச் சுட்டது. நாலு கல். மண்சாந்து வைத்துக் கட்டிய சுவர், ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும். யார் பார்க்கப்போகிறார்கள்? கடப்பாரையின் முனையைச் சுவரில் வைத்தார். வைத்த இடத்தில் சுண்ணாம்பில் ஒரு கை அடையாளம் இருந்தது. ஐந்து விரலும் தெளிவாக. மட்டையை எட்டிப் பிடிக்கும்போது பவுனாம்பாள் சுவரில் கையை ஊன்றியிருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி. எதையாவது ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. அப்படியென்றால் இந்த உயரம் வரை அடிக்க எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தாளோ. உத்திராபதி கடப்பாரையைக் கீழே இறக்கினார். என் சுவரை நானே இடித்துக் காட்டினால்தான் நம்புவார்கள் என்றால் நம்பாமலே போகட்டும், என்று நினைத்தார். நினைத்த வேகத்திலேயே பூங்கோதையின் முகம் வந்தது. வந்தும் கை மேலே போகவில்லை. அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மணி பன்னிரண்டாகியிருந்தது.

ஓவர்சியர் அம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகத்தில் தூசி கோடு போட்டிருந்தது. பின்னால் இளங்கீரன் கோப்புடன் நின்றார். நாற்காலியில் யாருமே உட்காரவில்லை. அதற்கா இவ்வளவு யோசனை? அந்த அம்மா ரோட்டில் நின்று நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க, கூரை காங்கிரீட் மாதிரி இருக்கே?" "தூசிங்கம்மா," என்றார் உத்திராபதி. "தூசியா?" "முப்பது வருசத்துத் தூசிங்க. ஊறி இறுகிப்போச்சு." கையில் இன்னும் கடப்பாரை இருந்தது. அதன் நுனியால் கூரை ஓரத்து இறவாணத்தில் மெல்லத் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வில்லை பெயர்ந்து காலடியில் விழுந்தது, அது இருந்த இடத்தில் சிவப்பாக ஓடு தெரிந்தது. அந்த அம்மா குனிந்து வில்லையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூக்கிப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "வாங்கம்மா உள்ள. குனிஞ்சி வாங்க, தலை தட்டும்," என்று பவுனாம்பாள் கதவைத் திறந்தாள்.

உள்ளே நுழைந்ததும் உத்திராபதி தன் வீட்டை முதல் தடவையாகப் பார்த்தார். அப்படித்தான் தோன்றியது. வெளிச்சுவரை முடித்துவிட்டு உள்சுவருக்கும் அடித்திருக்கிறாள், அது அவருக்குத் தெரியும். ஆனால் சுண்ணாம்பு காயக் காய என்ன ஆகும் என்று யாரும் நினைக்கவில்லை. அழுக்குச் சுவரில் அழுக்கோடு அழுக்காகக் கலந்திருந்த வெடிப்புகள் எல்லாம் வெள்ளையில் மையால் கோடு இழுத்தது போல எழுந்து நின்றன. உத்திரத்திலிருந்து ஒன்று கிளம்பி, கதவு நிலை வரை இறங்கி, அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் போயிருந்தது. இவ்வளவா? இத்தனை வருடம் இதன் கீழேயா படுத்திருந்தோம்? உச்சி வெயில் வேறு கூரையில் தூசி அடை வெடித்த இடுக்குகள் வழியாக நேரே இறங்கி, மெழுகிய தரையில் வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கே வந்திருந்தால் இந்த வட்டங்கள் இருந்திருக்காது. அந்த அம்மா ஒரு வட்டத்தின் மேல் கையை நீட்டினார், வெளிச்சம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பிறகு மேற்கு மூலைக்குப் போய் வெடிப்பில் விரலை விட்டார். நாலு விரலும் உள்ளே போயின. செல்போனை எடுத்தார். "வீடு எப்படிங்க இருக்கு? நீங்க வாயால சொல்லணும், அப்பத்தான் நான் பதியணும்," என்றார்.

அதே கேள்வி. மூன்று வருடமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்த மாதிரி. இளங்கீரன் கண்ணால் ஜாடை காட்டினார், சொல்லுங்க, சொல்லுங்க என்று. பவுனாம்பாள் அடுப்படி வாசலில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் மாடத்தில் காலையில் ஏற்றிய விளக்கு. "நல்லா..." என்று ஆரம்பித்துவிட்டார். இளங்கீரன் கண்ணை மூடிக்கொண்டார். நல்லா என்று வந்த வாய்க்கு இல்லை என்று முடிக்க வரவில்லை, இருக்கு என்று முடிக்கவும் இன்றைக்கு மனம் விடவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில், முட்டுக் கொம்பு மாதிரி, எங்கிருந்தோ ஒன்று வந்தது. "நல்லா இருக்கணும்ங்கம்மா," என்றார்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லீங்களே. மூணுதான் இருக்கு. நல்ல நிலை, சுமார், பழுது." சொல்லிக்கொண்டே விரலால் எங்கேயோ தட்டினார். "பழுதுன்னு போட்டுட்டேன். தகுதின்னு போயிடும். கிராம சபையில பேர் படிப்பாங்க, அப்புறம் பேங்குல கூப்பிடுவாங்க. ஜாமீனுக்கு ஆள் தேடாதீங்க, அது எங்க வேலை." படங்கள் எடுத்தார், ஒவ்வொரு சுவராக. பவுனாம்பாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "சுண்ணாம்பு நேத்துதான் அடிச்சீங்களாக்கா?" என்று கேட்டார். பவுனாம்பாள் தப்புச் செய்தவள் போலத் தலையாட்டினாள். "நல்லதாப் போச்சு. அழுக்குச் சுவத்துல வெடிப்பு படத்துல விழாது. போன வாரம் ஒரு வீட்டு மனு அப்படித்தான் திரும்பி வந்துடுச்சு." பவுனாம்பாள் மெதுவாகத் திரும்பி உத்திராபதியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்னும் பத்து வருடத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஸ்கூட்டர் தெரு முனை திரும்பியது. உத்திராபதி நீல நாற்காலியில் உட்கார்ந்தார். கடப்பாரை மடியில் இருந்தது. இது அஸ்திவாரம் தோண்ட ஆகும் என்று நினைத்துக்கொண்டார். மூச்சை இழுத்துப் பார்த்தார். இழுத்த வரைக்கும் வந்தது. சம்பந்தியம்மாவிடம் சொல்ல வைத்திருந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது, ஒரு வார்த்தைகூடச் சிதறாமல். வேலிக்கு மேலே கொளஞ்சியின் தலை எழும்பியது. "என்னா மச்சான், வீடு எப்பிடி இருக்காம்?"

வாய் பழக்கத்தில் அந்த வார்த்தைக்குத்தான் போனது. போன இடத்திலிருந்து அதைப் பிடித்து நிறுத்தி, நெஞ்சில் இருந்த தூசியெல்லாம் அதிர, பெண்ணுக்கு வரன் அமைந்த சேதி சொல்கிறவர் போலக் கத்தினார்: "நல்லா இல்லியாம்யா! நல்லாவே இல்லியாம்!"

"மெதுவாச் சொல்லு," என்றாள் உள்ளேயிருந்து பவுனாம்பாள், சிரிப்பை அடக்க முடியாத குரலில். "வீட்டுக்குக் கேட்டுடப் போவுது."